பதில் சொல்ல ஆளில்லாத ஊசி

(புவனகிரியில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சுண்டுவிரல் உயரமே உள்ள ஒரு கண்ணாடிக் குப்பியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அடியில் சிட்டிகை அளவு வெள்ளைப் பொடி. வாயில் ரப்பர் மூடி, அதைச் சுற்றி அலுமினிய வளையம். மேலே ஒட்டிய சீட்டில் எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர்: பிபிசி-157 என்றோ, டிபி-500 என்றோ. அதற்குக் கீழே பொடி எழுத்தில், ஆய்வுக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஒரு வரி. தயாரித்தவர் முகவரி கிடையாது, உரிம எண் கிடையாது, எந்த வெப்பத்தில் வைக்க வேண்டும் என்ற குறிப்பும் பெரும்பாலும் கிடையாது. கூரியரில் வருகிறது, சித்திரை வெயிலில் எத்தனை நாள் எந்தக் கிடங்கில் கிடந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. தசை கிழிந்தால் ஒட்டும், மூட்டு நாண் அறுந்தால் சேரும், ஆறு வாரக் காயம் இரண்டே வாரத்தில் ஆறும் என்று வாய்மொழியாக விற்கப்படும் 'காயம் ஆற்றும் பெப்டைடு' இதுதான். இந்தியாவில் இது எந்த நோய்க்கும் அனுமதி பெற்ற மருந்து அல்ல.

இதைத் தேடுகிறவர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. காணும் பொங்கலுக்கு ஊர்தோறும் கபடிப் போட்டி நடக்கும் மாவட்டம் இது. முழங்கால் பிசகிய ஆட்டக்காரனுக்கு அடுத்த போட்டி மூன்றாவது வாரத்தில் நிற்கிறது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கும் இளைஞன் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடித்தாக வேண்டும். தேர்வு நேரத்தில் கெண்டைக்கால் தசை கிழிந்தால் அவனுக்குப் போவது ஒரு வருடம், சில சமயம் வயது வரம்பே தாண்டிவிடும். இந்த ஊரின் கைத்தறியில் குழிக்குள் காலை இறக்கி நாளெல்லாம் மிதி மிதிக்கும் நெசவாளிக்குத் தோள் பிடித்துக்கொண்டால் அன்றைய கூலி நின்றது என்று பொருள். இவர்கள் எல்லாரும் இந்த ஊசியைப் போட்டுக்கொள்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. 'சீக்கிரம் ஆறிவிடும்' என்ற பேச்சு யாருக்கு மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்படுகிறதோ, அவர்கள் நம்மோடு வாழ்கிறார்கள் என்கிறேன்.

என் வாதம் ஒன்றே ஒன்றுதான். இந்தப் பொடி விஷம் என்று நான் நிரூபிக்கப் போவதில்லை. அதை விஷம் என்றோ அமிர்தம் என்றோ சொல்லும் அளவுக்கு மனித உடலில் யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. ஒரு மருந்தைப் பதிவு செய்வதன் பயனை நாம் பாதிதான் புரிந்துகொண்டிருக்கிறோம். 'அரசாங்கம் நல்லது என்று சொல்லிவிட்டது' என்பது ஒரு பாதி. தவறு நேர்ந்தால் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்க ஒரு ஆளை, ஒரு முகவரியை, ஒரு பேட்ச் எண்ணை முன்கூட்டியே நிறுத்திவைப்பது மறு பாதி. அந்த மறு பாதிதான் உயிரைக் காப்பது. பதிவில்லாத ஊசியில் அது அறவே இல்லை. அந்தப் பொடி எழுத்து வரி, கேள்வி வருவதற்கு முன்பே விற்பவன் எழுதி ஒட்டிவிட்ட கைகழுவல்.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடுவோம். அமினோ அமிலங்கள் கண்ணி கண்ணியாகக் கோத்த சிறு சங்கிலிதான் பெப்டைடு. நம் ஊருக்கு இது புதிதல்ல. சர்க்கரை நோயாளி போட்டுக்கொள்ளும் இன்சுலின் 51 கண்ணிகள் கொண்டது. பிரசவத்தில் கொடுக்கும் ஆக்சிடோசின் 9 கண்ணிகள் கொண்டது; பால் கறக்கும் முன் மாட்டுக்குச் சீட்டில்லாத பாட்டிலிலிருந்து திருட்டுத்தனமாகப் போட்டார்களே, அதே மருந்துதான். ஆகவே பெப்டைடு என்ற பெயரைக் கேட்டு அஞ்சவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். பிபிசி-157 என்பது 15 கண்ணிகள் கொண்ட செயற்கைச் சங்கிலி. இரைப்பை நீரில் உள்ள ஒரு புரதத்தின் துண்டு என்று சொல்லி, குரோஷியாவின் ஜாக்ரெப் நகரில் பிரெட்ராக் சிகிரிச் என்ற பேராசிரியரின் குழு 1990களிலிருந்து எலிகளில் ஆராய்ந்துவருகிறது. டிபி-500இன் கதை இன்னும் குழப்பமானது. நம் உடலிலேயே உள்ள தைமோசின் பீட்டா-4 என்ற 43 கண்ணிப் பெப்டைடோடு தொடர்புடைய பெயர் அது. சிலர் அந்தப் பெயரில் முழுச் சங்கிலியை விற்கிறார்கள், சிலர் அதிலிருந்து வெட்டியெடுத்த ஏழு கண்ணித் துண்டை விற்கிறார்கள். ஒரே பெயர், இரண்டு வேறு பொருள். மருந்துக் கடையில் பாரசிட்டமால் கேட்டால் இப்படி நடக்குமா?

பிபிசி-157 பற்றி எலிகளில் கிடைத்த முடிவுகள் நல்லவைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. அறுத்த தசைநாண் ஒட்டியது, குடல் புண் ஆறியது என்று பல கட்டுரைகள் உள்ளன. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒரே குழுவிலிருந்து வந்தவை. மனிதர்களுக்கு ஊசியாகப் போட்டு நடந்து அச்சேறிய ஆய்வுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்; ஒவ்வொன்றிலும் சிலபேர்தான், ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத எதிர்க்குழு கிடையாது. 2015இல் ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் ஒரு முதல்கட்டப் பரிசோதனை பதிவு செய்யப்பட்டது. அதன் முடிவு இதுவரை அச்சேறவில்லை. காயம் ஆறுவதற்குப் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்க வேண்டும். இந்தப் பெப்டைடு அதைத் தூண்டுகிறது என்று விலங்கு ஆய்வுகள் சொல்கின்றன. புற்றுக்கட்டி வளர்வதற்கும் புதிய இரத்தக் குழாய்கள்தாம் வேண்டும். இதனால் புற்று வந்தது என்று யாரும் காட்டவில்லை. வராது என்று காட்டும் நீண்டகால ஆய்வும் ஒன்றுகூட இல்லை. 2022இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை இதைப் பெயர் சொல்லியே தடைப் பட்டியலில் சேர்த்தது, எந்த நாடும் அனுமதிக்காத பொருள் என்ற பிரிவின் கீழ். 2023 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மருந்துக் கடைகள் தாமே கலந்து தயாரிக்கும்போது பாதுகாப்புக் கவலை எழுப்பும் பொருள்களின் வரிசையில் இதை வைத்தது. உடல் அதை எதிர்த்துத் தாக்கக்கூடும், சங்கிலி செய்யும்போது உருவாகும் கசடுகள் உள்ளே இருக்கக்கூடும் என்று காரணமும் சொன்னது. அந்த வரிசை சரியா என்று அங்கே வாதம் தொடர்கிறது. வாதம் நடக்கும் இடத்தில் ஊசியை நம் பிள்ளைகளின் தொடையில் குத்தி முடிவு தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

'99 சதவீதம் தூய்மை' என்று ஒரு சான்றிதழைக் காட்டி விற்கிறார்கள். படித்த பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான், ஆகவே சற்று நிதானமாகப் பார்ப்போம். அந்தச் சான்றிதழ் உண்மையானதாகவே இருக்கட்டும்; அந்தக் குப்பிக்கே உரியதாகவும் இருக்கட்டும். பொடியில் உள்ள பெப்டைடில் எத்தனை பங்கு கேட்ட பெப்டைடு என்று மட்டும்தான் அது சொல்லும். உள்ளே உயிருள்ள கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. செத்த பாக்டீரியாவின் ஓட்டுத் துண்டுகள் இருக்கின்றனவா என்று சொல்லாது. ஊசியில் அவை மிகச் சிறிதளவு போனாலும் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரும், அளவு கூடினால் இரத்த அழுத்தம் சரிந்து ஆளே விழுவார். மிச்சமுள்ள அந்த ஒரு சதவீதம் என்ன என்பதையும் அது சொல்லாது. அந்த மிச்சம் என்ன செய்யும் என்பதற்கு 1989ஆம் ஆண்டே சாட்சி இருக்கிறது. எல்-டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தை உறக்கத்துக்கும் மன அமைதிக்கும் என்று அமெரிக்காவில் கடையில் வாங்கிச் சாப்பிட்டார்கள். ஜப்பானின் ஷோவா டென்கோ நிறுவனம் தயாரித்த சரக்கு 99.6 சதவீதம் தூய்மையானது. அதைச் சாப்பிட்டவர்களில் 1,500க்கும் மேற்பட்டோருக்குத் தசை வலியோடு ஒரு கொடிய நோய் வந்தது, குறைந்தது 37 பேர் இறந்தார்கள். பெப்டைடுகூட அல்ல, நாம் தினமும் பாலிலும் பருப்பிலும் சாப்பிடும் ஒற்றை அமினோ அமிலம் அது. ஊசிகூட அல்ல, வாய்வழி மாத்திரை. தயாரித்தது யார் என்று தெரிந்ததால்தான் அந்த நிறுவனத்தின் சரக்கை அடையாளம் கண்டு நிறுத்த முடிந்தது.

கிருமி நீக்கத்துக்குச் சாட்சி இன்னும் நமக்கு அருகில். 2023இல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தோடு தொடர்புபடுத்தப்பட்ட ஒரு பாக்டீரியாத் தொற்று 18 மாநிலங்களில் 81 பேரைத் தாக்கியது. 4 பேர் இறந்தார்கள், 14 பேருக்குப் பார்வை போயிற்று, 4 பேருக்கு விழியையே எடுக்க வேண்டியதாயிற்று. அந்தச் சொட்டு மருந்து சென்னைக்கு அருகே ஓர் ஆலையில் தயாரானது. அங்கே போய்ப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள் கிருமியற்ற நிலையை உறுதிசெய்வதில் பல குறைகளைப் பதிவு செய்தார்கள். உரிமம் பெற்ற ஆலை, கண்ணின் மேலே விடும் சொட்டு மருந்து; அதற்கே இந்தக் கதி. தோலைத் துளைத்து உள்ளே செலுத்தும் ஒன்றை எவருமே போய்ப் பார்க்காத இடத்திலிருந்து வாங்குவது எப்படிப்பட்ட துணிச்சல் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நம் ஊர் மருந்துக் கடைக்கே உரிய ஒரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். பொடியில் நீர் விட்டுக் கரைத்து இன்சுலின் சிரிஞ்சில் எடுக்கச் சொல்கிறார்கள். எத்தனை 'யூனிட்' என்று வெளிநாட்டு அளவு ஒன்று வாய்வழியாகப் பரவியிருக்கிறது. அந்த அளவு ஒரு மில்லிக்கு 100 யூனிட் கோடு போட்ட சிரிஞ்சுக்கு உரியது. நம் கடைகளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் கோடு போட்ட, சிவப்பு மூடி சிரிஞ்சும் சாதாரணமாகக் கிடைக்கிறது. முதல் சிரிஞ்சில் 10 யூனிட் என்பது 0.1 மில்லி. இரண்டாவதில் அதே 10 யூனிட் 0.25 மில்லி. மூடியின் நிறம் மாறினால் மருந்து இரண்டரை மடங்காகிறது. இன்சுலின் போடும் வீட்டில் இந்தத் தவறு நடக்காமல் இருக்கச் செவிலியர் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார். இங்கே சொல்லிக்கொடுப்பது யார்?

இனிச் சட்டம். 1930இல் ஆர்.என். சோப்ரா தலைமையில் அமைந்த மருந்து விசாரணைக் குழு, இந்தியச் சந்தையில் கலப்படமும் போலியும் மலிந்து கிடந்ததை எடுத்துக்காட்டியது. அதிலிருந்து பிறந்ததுதான் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம். நோயைத் தீர்க்கவோ தணிக்கவோ தடுக்கவோ பயன்படுத்தும் நோக்கம் உள்ள பொருள் எதுவும் மருந்துதான் என்கிறது அதன் மூன்றாம் பிரிவு. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு விஷயம் முடிவதில்லை, நோக்கம்தான் பேசும். ஒரு பக்கம் மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல என்று எழுதிவிட்டு மறுபக்கம் முழங்காலுக்கு எத்தனை நாள் போட வேண்டும் என்று சொல்லி விற்பவனின் நோக்கம் நீதிமன்றத்தில் மறைந்துவிடாது. ஆய்வுக்காக மருந்தைச் சிறு அளவில் தயாரிக்கவும் தருவிக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அது உரிமத்தோடும் நிபந்தனையோடும் கூடிய வழி; ஆய்வகம் எது, ஆய்வு எது என்று எழுதிக்கொடுத்துப் பெற வேண்டியது. சீட்டு ஒட்டிவிட்டால் திறந்துகொள்ளும் கதவு அல்ல. உரிமம் இல்லாமல் மருந்தை விற்பது, விற்பனைக்கு இருப்பு வைப்பது, விநியோகிப்பது ஆகியவற்றை 18ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் 27ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுக்குக் குறையாத, ஐந்து ஆண்டு வரை நீளக்கூடிய சிறை. ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். மருத்துவத் தகுதியும் பதிவும் இல்லாமல் வைத்தியம் பார்த்தால் 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓராண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. ஜிம்மில் ஊசி குத்தும் கோச் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தச் சட்டத்தின் கத்தி, தன் உடம்புக்கு வாங்கிப் போட்டுக்கொண்டவனை நோக்கி நீட்டப்பட்டதல்ல. அது சரியும்கூட. ஆனால் இரண்டு இடத்தில் வாங்குகிறவன் தெரியாமலே கோட்டைத் தாண்டிவிடுகிறான். வெளிநாட்டிலிருந்து பார்சலில் வரவழைத்தால் அது இறக்குமதி; இறக்குமதிக்குத் தனி விதி உண்டு, சுங்கத்தில் பிடித்துவைக்கலாம். நண்பர்கள் நாலு பேருக்கும் சேர்த்து வரவழைத்துக் காசு வாங்கிப் பிரித்துக்கொடுத்தால் அவன் வாங்கியவன் மட்டும் அல்ல, விநியோகித்தவனும் ஆகிறான். அணிக்கு நல்லது செய்வதாக நினைத்துச் செய்யும் அந்த உபகாரம்தான் வழக்கில் அவனை முதலில் இழுத்துவிடும்.

சட்டத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது தண்டனைப் பிரிவு அல்ல, 18-அ என்ற சிறு பிரிவு. மருந்து ஆய்வாளர் கேட்டால், இந்த மருந்தை யாரிடமிருந்து வாங்கினாய் என்பதை வைத்திருப்பவர் பெயர் முகவரியோடு சொல்லியாக வேண்டும். கடைக்காரர் மொத்த வியாபாரியைச் சொல்வார், அவர் ஆலையைச் சொல்வார். இப்படி ஒவ்வொரு கையையும் அடுத்த கையோடு சட்டம் கட்டிவைத்திருக்கிறது. நாம் முணுமுணுக்கும் ரசீதும் பேட்ச் எண்ணும் இந்தக் கட்டின் முடிச்சுகள்.

'பதிவான மருந்தே பிள்ளைகளைக் கொன்றதே, பிறகு பதிவால் என்ன பயன்?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், நழுவாமல் பதில் சொல்கிறேன். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் ஃபார்மா தயாரித்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராப் பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். நம் மாநிலத்துக்கு நேர்ந்த தீராத அவமானம் அது. மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலைக் கரைப்பான் 48.6 சதவீதம் இருந்தது. இருக்கலாம் என்று அனுமதித்த அளவு 0.1 சதவீதம். உரிமம் பெற்ற ஆலை அது. ஆய்வுக்குப் போனபோது 350க்கும் மேற்பட்ட குறைகள் கண்டார்கள். அத்தனை குறைகளும் ஒரே நாளில் முளைத்தவை அல்ல. காலாகாலத்தில் போய்ப் பார்த்திருந்தால் அந்தக் குழந்தைகள் பிழைத்திருக்கும். பதிவு முறையின் முதல் பாதி அங்கே தோற்றது என்பதை நான் மறுக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்திலிருந்து கடிதம் வந்தது அக்டோபர் 1ஆம் தேதி. பாட்டிலின் மேல் எஸ்ஆர்-13 என்ற பேட்ச் எண்ணும் ஆலையின் முகவரியும் இருந்தன. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நேராக ஆலைக்குப் போய் அதே பேட்சில் மாதிரி எடுத்து, மறுநாளே சென்னை ஆய்வகத்தில் விஷத்தைக் கண்டுபிடித்தது. விற்பனை நின்றது, உற்பத்தி நின்றது, உரிமையாளர் சில நாளில் கைதானார், உரிமம் ரத்தானது. எங்கோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அலமாரியில் இருந்த அடுத்த பாட்டில் அடுத்த குழந்தையின் வாய்க்குப் போகாமல் தடுத்தது அந்த எஸ்ஆர்-13தான். இப்போது இதே நாசம் சீட்டில் முகவரியில்லாத பெப்டைடுக் குப்பியில் நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சிதம்பரத்தில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுது, பண்ருட்டியில் ஒருவருக்கு, வேறு மாநிலத்தில் ஒருவருக்கு. இவர்கள் மூவரும் ஒரே சரக்கைப் போட்டவர்கள் என்று சேர்த்துப் பார்க்க வழியில்லை. எந்த ஆலைக்குப் போவது? எதைத் திரும்பப் பெறுவது? ஆகவே கோல்ட்ரிஃப் என் வாதத்துக்கு எதிரான சாட்சி என்று நான் கருதவில்லை. ஆய்வாளர்களைக் கூட்டு, ஆலைகளை அடிக்கடி பார் என்று அரசை நெருக்குவதற்கு அது காரணம். கண்காணிப்பே இல்லாத இடத்துக்கு ஓடுவதற்குக் காரணம் அல்ல.

'உடம்பில் உள்ளதைத்தானே போடுகிறோம், அது எப்படிக் கெடுதல் செய்யும்?' என்பது அடுத்த கேள்வி. இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொயட்டின் நம் சிறுநீரகம் சுரப்பது. அதன் நகலை டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் பல ஆண்டுகள் நல்லபடியாகவே கொடுத்துவந்தார்கள். 1998இல் ஐரோப்பாவில் எப்ரெக்ஸ் என்ற மருந்தில் மூலப்பொருளை மாற்றவில்லை, அதோடு சேர்க்கும் நிலைப்படுத்தியை மட்டும் மாற்றினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு உடலே அந்த மருந்தை எதிரி என்று எண்ணி எதிர்ப்பொருள் உண்டாக்கிற்று. அந்த எதிர்ப்பொருள் மருந்தோடு நிற்காமல், உடல் தானாகச் சுரந்ததையும் சேர்த்து அழித்தது. சிவப்பணு உற்பத்தி அடியோடு நின்றுபோனது. உடம்பில் உள்ளதைப் போன்றது என்பதே அங்கே ஆபத்தாயிற்று. உலகின் பெரிய நிறுவனம், முறையான ஆலை, ஒரே ஒரு சேர்மான மாற்றம். கண்டுபிடித்துச் சரிசெய்ய முடிந்ததற்குக் காரணம், எந்த நோயாளிக்கு எந்த மருந்து எப்போது போனது என்று மருத்துவமனைகளில் எழுதிவைத்திருந்ததுதான்.

எழுதிவைக்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்ஸெண்டன் கால்பந்துக் கழகம் சான்று. 2012ஆம் ஆண்டுப் பருவத்தில் வீரர்களுக்கு வரிசையாக ஊசிகள் போட்டார்கள். காயம் சீக்கிரம் ஆறவேண்டும், களைப்பு தீரவேண்டும் என்பதுதான் அங்கும் நோக்கம். வீரர்கள் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டார்கள், எல்லாம் விதிக்கு உட்பட்டது என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. 2016 ஜனவரியில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம், தைமோசின் பீட்டா-4 பயன்படுத்தியதாக 34 வீரர்களைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டுப் பருவம் முழுவதையும் அவர்கள் இழந்தார்கள். அதைவிடக் கொடியது, தங்கள் உடம்புக்குள் என்னென்ன போனது என்று முழுமையாகச் சொல்லும் பதிவேடு அந்தக் கழகத்தில் இல்லை. தங்களுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளைப் பற்றிக்கூட மருத்துவரிடம் உறுதியாகக் கேட்டுத் தெளிய முடியாத நிலை. பணமும் மருத்துவரும் உள்ள கழகத்துக்கே இந்தக் கதி என்றால், நம் ஊர் அணியில் பதிவேடு எழுதுவது யார்?

விளையாட்டு விதியில் 'எனக்குத் தெரியாது' என்பது பதில் ஆகாது. உடம்பில் இருந்தால் பொறுப்பு உனது. திருச்சி மாவட்டத்தின் சிற்றூரிலிருந்து ஓடிவந்து 2019இல் தோஹாவில் ஆசியத் தங்கம் வென்ற கோமதி மாரிமுத்து, ஊக்கமருந்து எதையும் தான் எடுத்ததில்லை என்றே சொல்லிவந்தார். அவர் மாதிரியில் ஸ்டீராய்டு தடயம் இருந்தது. நான்கு ஆண்டுத் தடை விதித்தார்கள், தங்கமும் போனது. 2022இல் இந்தியாவில் எடுத்த 3,865 மாதிரிகளில் 125இல் தடைசெய்த பொருள் இருந்தது. அதிகம் சோதிக்கும் நாடுகளில் அந்த ஆண்டு அந்த விகிதத்தில் நமக்கே முதலிடம். சீட்டு இல்லாத குப்பிக்குள் ஸ்டீராய்டே கலந்திருந்தாலும் நம் கபடிப் பிள்ளைக்குத் தெரிய வழியில்லை, தண்டனை மட்டும் அவனுக்கு.

'என் நண்பனுக்கு ஆறிவிட்டதே' என்பதற்குச் சுருக்கமாகவே பதில் போதும். தசைப் பிடிப்பும் லேசான கிழிசலும் சில வாரத்தில் தாமாக ஆறுகிறவை. ஊசி போட்ட நாளிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறோம், ஓய்வெடுத்த நாளை எண்ணுவதில்லை. 'என் உடம்பு, என் விருப்பம்' என்பது அப்படித் தள்ளிவிடக் கூடிய வாதம் அல்ல. வளர்ந்த ஒருவர் தெரிந்தே அபாயத்தை ஏற்கும் உரிமையை நான் மதிக்கிறேன். ஆனால் எதை ஏற்கிறோம் என்று தெரிய வேண்டுமே! உள்ளே இருப்பது என்ன என்று விற்பவனுக்கே தெரியாத இடத்தில் விருப்பம் என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கையெழுத்திடுவதுதான். அதோடு, இந்தக் குப்பிகள் ஒரே ஆளோடு நிற்பதில்லை. ஒரு குப்பியைப் பலர் பகிர்கிறார்கள் என்றால் ஹெப்படைட்டிஸும் எச்ஐவியும் சேர்ந்தே பயணிக்கக்கூடும். கோச் சொல்லிப் பதினாறு வயதுப் பையன் கையை நீட்டுகிறான் என்றால் அதில் யாருடைய விருப்பம் இருக்கிறது?

அரசு அனுமதிக்குப் பல ஆண்டு ஆகிறது, அதுவரை வலியோடு கிடக்கச் சொல்கிறாயா என்பது எல்லாக் கேள்விகளிலும் மிக நியாயமானது. புதிய மருந்தைச் சோதிக்கும் மனம் உள்ளவருக்குச் சட்டமே வாசல் திறந்துவைத்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி அனுமதி பெற்ற ஆய்வில் சேர்ந்தால், நெறிமுறைக் குழு கண்காணிக்கும். ஆய்வினால் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. ஆய்வுக்கு மட்டும் என்று எழுதிய குப்பியைத் தானே குத்திக்கொள்பவர் அந்த ஆய்வின் எலியாக மட்டும் ஆகிறார். குழுவும் இல்லை, இழப்பீடும் இல்லை, கற்ற பாடத்தை எழுதிவைக்க ஒரு நோட்டும் இல்லை. வலிக்கு இன்றைக்கே என்ன செய்வது என்றால், பலன் நிரூபணமான பழைய வழிதான்: சரியான நேரத்தில் எலும்பு மூட்டு மருத்துவர், முறையாகக் கூட்டிக்கொண்டே போகும் பிசியோதெரபி. சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குப் பேருந்து தூரத்தில் இருக்கிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் உண்டு. அது மெதுவானது, சலிப்பானது. தறியை நிறுத்தி ஆறு வாரம் பயிற்சி செய்யக் கூலிக்காரரால் முடிவதில்லை. அந்த ஆறு வாரத்துக்கு நெசவாளர் நலத்திட்டங்களில் உதவித்தொகை கேட்பதும், தேர்வுக்காலத்தில் காயம்பட்ட இளைஞனுக்கு மறுதேதி கேட்பதும் இந்தப் பேச்சின் பகுதிதான். அவசரத்தை அப்படியே விட்டுவிட்டு ஊசியை மட்டும் திட்டினால் ஊசி போகாது.

ஏற்கெனவே போட்டுக்கொண்டவர் இந்த அவையில் இருக்கலாம். குப்பியைத் தூக்கி எறிய வேண்டாம். காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் சீழ், மூச்சுத் திணறல், சிறுநீர் குறைவு எதுவானாலும் குப்பியையும் சிரிஞ்சையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள், மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தின் பாதிப்பைப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது, நோயாளியே பேசலாம். காசு கொடுத்து வாங்கிய எந்த மருந்தையும் உரிய கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை கேட்கும் உரிமையை அதே 1940 சட்டத்தின் 26ஆம் பிரிவு சாதாரணக் குடிமகனுக்கும் நுகர்வோர் சங்கத்துக்கும் கொடுத்திருக்கிறது. நம் ஊரில் இந்தப் பிரிவை யாரும் எடுத்துப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. கபடிக் கழகங்களும் நுகர்வோர் சங்கங்களும் சேர்ந்து ஒரு குப்பியை அனுப்பிப் பார்க்கலாம். மருத்துவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. காயத்தோடு வரும் இளைஞனிடம் சாராயம், புகை பற்றிக் கேட்பதுபோல, சீட்டில்லாத ஊசி ஏதாவது போட்டாயா என்றும் கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள், திட்டினால் அடுத்தவன் சொல்லமாட்டான். அவன் சொன்னதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்: என்ன பெயர், யார் கொடுத்தது, எத்தனை நாள். குப்பியில் எழுதாமல் விட்ட விவரம் இந்த மாவட்டத்தில் ஏதாவது ஒரு தாளிலாவது இருக்கட்டும்.